சமச்சீரின்மை (ஒளிப்படக்கலை)

ஒளிப்படக்கலையில் சமச்சீரின்மை என்பது படச்சட்டத்தின் இடப்பாதியும் வலப்பாதியும், அல்லது மேற்பாதியும் கீழ்ப்பாதியும், ஒன்றையொன்று ஒத்திராத வகையில் காட்சி அமைவதைக் குறிக்கும். இது ஒளிப்படக் கலைஞர் தேர்ந்தெடுக்கும் அமைப்பாக இருக்கலாம். படமெடுக்கப்படும் பொருளின் இயல்பாகவும் இருக்கலாம். பொதுவாக முதல் வகையே பேசப்படுகிறது. காட்டுயிர் ஒளிப்படங்களில் இரண்டாவது வகைக்கும் அதே அளவு முக்கியத்துவம் உண்டு. வேலூர் நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், சவ்வாது மலைத்தொடரில் உள்ள அமிர்தி இரண்டையும் பழக ஏற்ற இடமாகும்.

சமச்சீரும் சமநிலையும்

சமச்சீர் இல்லாத படத்திலும் சமநிலை இருக்க முடியும். பழைய சந்தைகளில் பயன்பட்ட வெள்ளிக்கோலில், தாங்கும் புள்ளிக்கு அருகில் தொங்கும் பெரிய மூட்டையைத் தொலைவில் உள்ள சிறிய எடை ஈடுசெய்யும். படத்திலும் அப்படியே. ஒரு பக்கம் பெரிய பாறை இருந்தால், எதிர் ஓரத்தில் உள்ள சிறிய பறவை அதற்கு ஈடாகிவிடுகிறது. முகம், கண், பளிச்சிடும் நிறம், கூர்மையாகத் தெரியும் பகுதி ஆகியவை அளவில் சிறியவையானாலும் பார்வையை அதிகம் ஈர்ப்பவை. வெற்றிடத்துக்கும் எடை உண்டு.

முதன்மைப் பொருளைச் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கும் வழக்கம் ஒளிப்படக்கருவிக்கு முந்தையது. ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797இல் வெளியிட்ட நூலில் இதற்கு விதி என்று பெயரிட்டார். அது தொடக்கநிலையினருக்கு உதவும் ஒரு கைத்தடி மட்டுமே. நகரும் பொருளுக்கு முன்னால் இடம்விட வேண்டும் என்பதும் இத்தகைய ஒரு வழக்கம். ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் 1932இல் பாரிசில், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரை எடுத்த புகழ்பெற்ற படம் இதை மீறுகிறது. குதிப்பவர் வலது ஓரத்தை ஏறத்தாழத் தொட்டுவிடுகிறார். பின்னால் உள்ள சுவரொட்டியில் ஒரு நடனக் கலைஞர் எதிர்த்திசையில் தாவுவதால் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடவில்லை.

அமிர்தியில்

அமிர்தி விலங்கியல் பூங்கா 1967இல் தொடங்கப்பட்டது. பரப்பு 25 எக்டேர். மழைக்குப் பிறகு அருகில் உள்ள அருவியில் நீர் விழும். அருவியை நடுவில் வைத்து எடுக்கும் படங்களே அதிகம். அதை ஓரத்துக்குத் தள்ளி, மீதி இடத்தை ஈரப்பாறைக்கும் மரக்கிளைக்கும் கொடுத்தால் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதும் படத்தில் சேர்கிறது. மலைச்சரிவு தானாகவே ஒரு சாய்கோடு. அதை நேராக்க முயலாமல் இருப்பதே நல்லது.

பூங்காவில் உள்ள புள்ளிமான்கள் இன்னொரு பாடம். ஆண்மானின் கொம்புகள் விழுந்து மீண்டும் வளர்பவை. இரண்டும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதில்லை. ஆகவே சிறிது காலம் ஒற்றைக் கொம்புடன் திரியும் மானைக் காணலாம். அதைக் குறையுள்ள மான் என்று கருதிப் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அந்த விலங்கின் வாழ்வில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைப் பதிவு செய்யும் படம் அதுவே.

இரு விலாக்கள்

மானின் புள்ளிகள் இடது விலாவிலும் வலது விலாவிலும் ஒரே அமைப்பில் இருப்பதில்லை. புலியின் வரிகளும் சிறுத்தையின் புள்ளிகளும் அப்படியே. ஒரு விலங்கின் அமைப்பு இன்னொன்றில் திரும்ப வருவதும் இல்லை. இதை வைத்தே தானியங்கி ஒளிப்படக்கருவிகள் மூலம் புலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் முறை உருவானது. கர்நாடகத்தின் நாகரகொளெ காட்டில் உல்லாஸ் கரந்த் 1990களில் இம்முறையைப் பயன்படுத்தினார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே புலியின் இடப்பக்கப் படமும் வலப்பக்கப் படமும் தனித்தனியே கிடைத்தால் அவை இரண்டு புலிகளாக எண்ணப்படலாம். எனவே தடத்தின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கருவிகள் பொருத்தப்படுகின்றன. 2018ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டு, சுமார் 3.48 கோடி படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் 76,651 புலிப் படங்கள். அவற்றிலிருந்து குட்டிகள் நீங்கலாக 2,461 தனிப் புலிகள் அடையாளம் காணப்பட்டன.

படத்தை இடம் வலமாகத் திருப்பும் பழக்கம் இங்கேதான் கேடாகிறது. அழகுக்காக ஒரு சிறுத்தைப் படத்தைத் திருப்பினால், எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு விலா அமைப்பு உருவாகிவிடும். அதன் பின் அப்படத்தை எந்தப் பதிவோடும் ஒப்பிட இயலாது. சில கைப்பேசிகளின் முன்பக்கக் கருவி, கண்ணாடியில் தெரிவது போன்ற திருப்பிய படத்தையே சேமிக்கிறது. அமைப்புகளில் இதை மாற்றிக்கொள்ளலாம். கடைப் பலகையோ பேருந்தின் பெயரோ பின்னால் இருந்தால் எழுத்து இடம் வலமாக மாறித் தெரிந்து திருப்பியது வெளிப்பட்டுவிடும். காட்டில் எடுத்த படத்தில் அந்த உதவி கிடைக்காது. திருத்தப்படாத மூலக்கோப்பை வைத்திருப்பதே வழி.