பீரியட்ஸே வராதபோது எந்த நாளை எண்ணுவது?

அந்த வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றபோதும் என் மனம் நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. மகனுக்கு ஐந்து மாதம். சிசேரியன். எனக்கு இன்னும் மாதவிடாய் திரும்பவில்லை. முதல்நாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது.

மறுநாள் காலமையே பார்மசிக்குப் போனேன். அவுஸ்திரேலியாவில் 2004 முதல் அவசரக் கருத்தடைக் குளிசையை டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கலாம். "பால் குடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பார்மசிஸ்ட் லெவோநோர்ஜெஸ்ட்ரல் தந்தா. அதை 72 மணித்தியாலத்துக்குள், முந்திப் போட முந்திப் போட நல்லது. யூலிபிரிஸ்டல் என்ற மற்றக் குளிசைக்கு 5 நாள் வரை நேரம் உண்டு. பாலூட்டுபவர்கள் அதை முதலே சொல்லிவிடவேண்டும். எந்தக் குளிசை என்பது அதைப் பொறுத்தது.

"அடுத்த பீரியட்ஸ் ஒரு கிழமைக்கு மேல பிந்தினால் டெஸ்ட் பண்ணுங்கோ" என்றா. வராத பீரியட்ஸ் எப்படிப் பிந்தும்?

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில், "பால் குடுக்கிற மட்டும் பிள்ளை தங்காது, பயப்பிடாத" என்றா. அது பாதிதான் சரி. பிள்ளை 6 மாதத்துக்குக் குறைவு, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் இன்னும் வரவில்லை: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நல்ல பாதுகாப்பு. நானோ இரவில் போத்தல் பாலும் கொடுத்தேன். அதோடு, முதல் மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். மாதவிடாயைக் காணாமலே கர்ப்பமாகலாம்.

ஒன்பதாம் நாள் டெஸ்ட் செய்தேன். ஒரே கோடு. நம்ப முடியவில்லை, மறுநாளும் செய்தேன். இவர் "இல்லையெண்டு காட்டுதுதானே" என்றார். ஆனால் சத்திரசிகிச்சைக் காயம் எனக்குத்தான் தெரியும். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் விடச்சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைசியில் ஜீபியிடம் போனேன். "கடைசிப் பீரியட்ஸ் எப்ப?" என்று கேட்டா. "மகன் வயிற்றில வாறதுக்கு முதல்" என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப அதை விடுங்கோ. ஆணுறை கிழிந்த இரவிலிருந்து எண்ணுங்கோ. மூன்று கிழமை கழியட்டும். அதுக்கு முதல் செய்தால், கர்ப்பம் இருந்தாலும் டெஸ்ட் காட்டாமல் விடலாம்" என்றா.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும், கருத்தடை ஊசியால் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இதே கணக்குத்தான். குளிசை முட்டை வெளிவருவதைப் பிந்தவைக்கிறது. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. பிந்தி வரும் முட்டைக்கு அந்தக் குளிசை காவல் இல்லை. ஆகவே பிறகும் ஆணுறையோ வேறு கருத்தடையோ வேண்டும். டெஸ்ட் கர்ப்பம் என்று காட்டி, அடிவயிற்றில் நோவும் இருந்தால் உடனே வைத்தியரைப் பார்க்கவேண்டும்.

ஆங்கிலத்தில் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் 131 450 என்ற இலக்கத்துக்கு எடுத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

இருபத்தியிரண்டாம் நாள் விடிய, மகன் எழும்ப முதல் டெஸ்ட் செய்தேன். ஒரே கோடு. இந்தமுறை நம்பினேன். அடுத்த கிழமையே, நீண்டகாலக் கருத்தடை பற்றிப் பேச ஜீபியிடம் நேரம் எடுத்தேன்.