ஆள் ஏறாத முதல் பயணம்: ஆர்ட்டெமிஸ்-1 எதைச் சோதித்தது?

2022 நவம்பர் 16. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அதிகாலை 1.47 மணி, நம் ஊர்க் கடிகாரத்தில் பகல் 12.17. கென்னடி விண்வெளி மையத்தின் 39பி ஏவுதளத்திலிருந்து 98 மீட்டர் உயர ராக்கெட் ஒன்று நிலவை நோக்கிக் கிளம்பியது. நாசாவின் எஸ்.எல்.எஸ். என்ற அந்த ராக்கெட்டுக்கு அதுதான் முதல் பயணம்; அந்தப் பயணத்தின் பெயர் ஆர்ட்டெமிஸ்-1. உச்சியில் இருந்த ஓரியன் விண்கலத்தில் நான்கு பேர் போகலாம். அன்று ஒருவர்கூட இல்லை. தளபதியின் இருக்கையில் விண்வெளி உடை அணிந்த ஒரு பொம்மை. வேறு இரண்டு இருக்கைகளில் ஹெல்கா, ஸோஹர் என்று பெயரிட்ட பெண்ணுருவ மார்பளவுப் பொம்மைகள். ஸோஹருக்கு மட்டும் கதிர்வீச்சைத் தடுக்கும் மேலங்கி போட்டிருந்தார்கள். போட்டதற்கும் போடாததற்கும் என்ன வித்தியாசம் என்று அளப்பதற்காக.

இவ்வளவு செலவழித்துச் செய்த கலத்தை ஏன் காலியாக அனுப்ப வேண்டும்? எல்லா ராக்கெட்டுகளும் அப்படித் தொடங்கவில்லை. 1981-இல் கொலம்பியா விண்வெளி ஓடம் முதன்முறை பறந்தபோதே ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் என இருவர் உள்ளே இருந்தார்கள். பத்திரமாகத் திரும்பினார்கள். ஆனாலும் அது மிகப் பெரிய துணிச்சல். நிலவுக்குப் போகும் பாதையில் அந்தத் துணிச்சல் கூடாது என்பதே என் எண்ணம். பூமியைச் சுற்றும் கலத்தில் கோளாறு என்றால் சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடலாம். நிலவுக்குப் பக்கத்தில் கோளாறு என்றால் வீடு வந்து சேரவே பல நாள் ஆகும்.

புறப்படும்போது எஸ்.எல்.எஸ். ராக்கெட்டின் உந்துவிசை, அப்போலோ வீரர்களைச் சுமந்து சென்ற சாட்டர்ன்-5-ஐவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம். அதில் முக்கால் பங்கைத் தருவன பக்கவாட்டில் பொருத்திய இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள். இரண்டே நிமிடத்தில் எரிந்து தீர்ந்து விழுந்துவிடும். நடுவில் இருக்கும் நான்கு எஞ்சின்களும் பழைய விண்வெளி ஓடங்களில் பறந்த வகை. அவை எட்டு நிமிடம் எரியும். அவற்றுக்கு எரிபொருள், மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய திரவ ஹைட்ரஜன். ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது; குழாய் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கசிந்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று அதை ஏவ நடந்த முயற்சி, எஞ்சினின் வெப்பநிலையைத் தவறாகக் காட்டிய ஓர் உணரியால் நின்றது. செப்டம்பர் 3 முயற்சியை நிறுத்தியது ஹைட்ரஜன் கசிவு. பிறகு புயல் வந்து ராக்கெட்டைக் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பியது. கிளம்பிய இரவிலும் ஒரு வால்வு கசிந்தது. எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டின் அடியில் மூன்று பேர் போய் அதை முறுக்கிச் சரிசெய்தார்கள். மனிதர் ஏறாத பயணத்திலும் மனிதர் உயிரைப் பணயம் வைத்த நேரம் அது.

ஓரியன் நிலவின் தரைக்கு 130 கிலோமீட்டர் அருகே போனது. பூமியிலிருந்து 4,32,000 கிலோமீட்டர் தாண்டியும் சென்றது. மனிதரை ஏற்றிச் சென்று திரும்ப அழைத்துவருவதற்காகச் செய்த எந்தக் கலமும் அதுவரை அவ்வளவு தொலைவு போனதில்லை. ஆனால் இந்தப் பயணத்தின் முதன்மையான நோக்கம் திரும்பி வருவதுதான். நிலவிலிருந்து வரும் கலம் மணிக்கு 40,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் மோதும். வெப்பக் கவசத்தின் முன்னே 2,800 டிகிரி அளவுக்குச் சூடு. ஐந்து மீட்டர் அகலமுள்ள அந்தக் கவசம் சிறிது சிறிதாகக் கருகி, அந்தக் கருகலோடு சூட்டையும் வெளியேற்ற வேண்டும்.

டிசம்பர் 11 அன்று ஓரியன் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கியது. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, கருகிய அடுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. கணக்குப்படி அது சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். காரணம் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஓரியன் நேரே கீழே விழவில்லை. காற்றுமண்டலத்தில் ஒருமுறை இறங்கி, சற்று மேலெழும்பி, மறுபடி இறங்கியது. இறங்கும் இடத்தைத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்க அது உதவும். அந்த இரண்டு மூழ்கல்களுக்கு நடுவே சூடு குறைந்தது. ஆனால் கவசப் பொருளின் உள்ளே வாயு உண்டாவது நிற்கவில்லை. அது வெளியேறும் அளவுக்கு நுண்துளைகள் உள்ள கரி அடுக்கு உருவாகவில்லை. இறுக்கி உருட்டிய சீடை எண்ணெயில் வெடிப்பதைப் போல, உள்ளே அடைபட்ட வாயு கவசத்தைப் பிளந்தது.

இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. தரையில் நடந்த சோதனைகளில் கவசத்தை நிஜப் பயணத்தைவிடக் கடுமையாகச் சுட்டார்கள். கடுமையான சூட்டில் துளையுள்ள கரி உருவாகி வாயு வெளியேறிவிட்டது, கவசம் தேறிவிட்டது. மிதமான சூடுதான் அதற்கு ஆபத்து என்பதை அந்தச் சோதனைகள் காட்டவில்லை. நிஜமாகப் பறந்த கலம் காட்டியது.

கலத்தினுள் வெப்பநிலை சுமார் 24 டிகிரியிலேயே இருந்தது. ஆட்கள் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்று நாசா சொன்னது. அதற்காக விஷயத்தை அப்படியே விட்டுவிடவில்லை. நான்கு பேர் செல்வதற்கான ஆர்ட்டெமிஸ்-2 கலத்தில் அதே வகைக் கவசம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. எனவே அது திரும்பி வரும் பாதையை மாற்றுவதாக 2024 டிசம்பரில் நாசா அறிவித்தது. அதற்கடுத்த கலங்களின் கவசத்தை, வாயு எங்கும் சீராக வெளியேறும்படி செய்முறையையே மாற்றித் தயாரிக்கிறார்கள்.