நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே

விலா எலும்புகள் முடியும் இடத்தில் நெஞ்சு முடிந்து வயிறு தொடங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையான எல்லை அதற்கு வெகு மேலே இருக்கிறது. கவிழ்த்த கிண்ணம்போல வளைந்து நிற்கும் உதரவிதானம் என்ற தசைதான் அந்த எல்லை. மூச்சை முழுக்க வெளியே விடும்போது அதன் வலப்பக்க உச்சி ஏறத்தாழ மார்புக்காம்பின் மட்டம்வரை ஏறிவிடும். ஆகவே கல்லீரல், மண்ணீரல், இரைப்பையின் மேற்பகுதி எல்லாம் விலாக்கூட்டின் மறைவில்தான் இருக்கின்றன. வண்டியிலிருந்து விழுந்தவருக்கு இடப்பக்கக் கீழ் விலாவில் வெறும் சிராய்ப்புதான் தெரியும்; உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

மூச்சை இழுப்பது எது?

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்கும்போது மார்பறை பெரிதாகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று நுழைகிறது. அமைதியாக இருக்கும்போது மூச்சின் பெரும்பங்கு இதன் உழைப்புதான். வெளியே விடுவதற்கு அது தளர்ந்தாலே போதும்.

பல ஆண்டுகள் பீடி, சிகரெட் புகைத்து நுரையீரல் கெட்டவர்களைப் பாருங்கள். அவர்களுக்கு உள்ளே தங்கிய காற்று நுரையீரலை உப்பவைத்து, உதரவிதானத்தின் வளைவையே தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான தசையால் இழுக்க முடியாது. கழுத்துத் தசைகள் புடைக்க அவர்கள் மூச்சு வாங்குவது அதனால்தான்.

தோளில் வலி, கோளாறு வயிற்றில்

கருவில் இந்தத் தசை கழுத்துப் பக்கத்தில் உருவாகிப் பிறகு கீழிறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்து வருகிறது. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து வரும் ஃப்ரெனிக் நரம்பு அது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் ஏறத்தாழ அதே மட்டங்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. அதனால் பித்தப்பை வீங்கி உதரவிதானத்தை உறுத்தினால் வலத்தோள் வலிக்கலாம். மண்ணீரல் கிழிந்தால் இடத்தோள் வலிக்கலாம். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

விபத்தில் கழுத்து அடிபட்டவரை அள்ளித் தூக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அறுபட்டால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

விக்கலும் இந்தத் தசை திடீரெனத் துடிப்பதுதான். யாரோ நினைக்கிறார்கள் என்று சிரித்துக்கொள்ளலாம், தவறில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மூன்று வாசல்கள்

உதரவிதானத்தில் பெரிய துளைகள் மூன்று: கீழ்ப் பெருஞ்சிரைக்கு ஒன்று, உணவுக்குழாய்க்கு ஒன்று, பெருந்தமனிக்கு ஒன்று. தொல்லை தருவது பெரும்பாலும் நடுவாசல். உணவுக்குழாய் இறங்கும் அந்தத் துளை தளர்ந்தால் இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் நழுவி ஏறும். ஹையாட்டஸ் ஹெர்னியா என்பது இதுதான். பலருக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்கு நெஞ்செரிச்சலும் புளித்த எதுக்களிப்பும் விடாது. இரவுச் சாப்பாட்டை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, எடையைக் குறைப்பது ஆகியவை உதவும். விழுங்குவது சிரமமானாலோ, மலம் கறுத்துப் போனாலோ எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே, பெரும்பாலும் இடப்பக்கப் பின்புறத்தில், உதரவிதானம் மூடாமல் இருக்கும். குடல் மேலேறி நுரையீரலை வளரவிடாது. கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனில் இதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முன்பே தெரிந்தால் பச்சிளங்குழந்தை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ள முடியும்.

'கேஸ்' என்று ஒதுக்காதீர்கள்

நம் ஊரில் உயிரைப் பறிக்கும் குழப்பம் ஒன்று உண்டு. இதயம் உதரவிதானத்தின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. அதன் அடிச்சுவருக்கு ரத்தம் தடைப்பட்டால் வலி மேல்வயிற்றில் தெரியலாம். கூடவே குமட்டலும் ஏப்பமும் வரலாம். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்து, ஓமம் மென்று, விடியட்டும் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மிக லேசாகவும் இருக்கலாம்.

நாற்பதைத் தாண்டியவருக்கோ, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவருக்கோ மேல்வயிற்று வலியுடன் வியர்வை, மூச்சுத்திணறல், தாடை அல்லது கை வலி சேர்ந்தால் உடனே இசிஜி எடுக்க வேண்டும். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நோயாளியை பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகாமல் 108-ஐ அழையுங்கள்.