காருக்கு ஏலம்! வீட்டுக்குச் சேமநிதி!

சிங்கப்பூர் வாலிபர்களுக்கு ‘ஸ்போர்ட்ஸ்’ கார் மீது கொள்ளை ஆசை. ஆனால், அங்கே கையில் பணம் இருந்தால் மட்டும் புதுக் கார் வாங்கிவிட முடியாது. முதலில் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-ம் ஆண்டு வந்த ஏற்பாடு இது.

2023 அக்டோபரில் பெரிய காருக்கான சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் டாலருக்குப் போயிற்று. வெறும் காகிதத்துக்கு! கார் விலை தனி. அதன் ஆயுளோ 10 ஆண்டுதான். பிறகு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் கார் சாலையில் ஓடக்கூடாது.

வீடமைப்புக் கழகத்தின் புது வீட்டுக்கோ 99 ஆண்டுக் குத்தகை. சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியை 1968 முதல் வீட்டுக்குக் கட்டலாம். காருக்கு அதில் ஒரு காசு எடுக்க முடியாது.

எனவே, கலியாணம் பேசும்போதே பல ஜோடிகள் வீட்டுக்கு மனுப் போட்டுவிடுகிறார்கள். கார் ஆசை? ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு!