குட்டி யானை வாங்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டுக் கேட்கிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" பழைய வண்டி வாங்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என் தங்கை கணவருக்கு வண்டி தேடியபோது முதல் இரண்டு வண்டிகளை நேரில் போய்ப் பார்க்காமலேயே வேண்டாம் என்று ஒதுக்கியது என் வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான்.

அவர் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி எடுத்துத் திண்டுக்கல் கடைகளுக்குப் போடுபவர். வாடகை வண்டிக்கே லாபம் போய்விடுகிறது என்று சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வாங்க நினைத்தார். 2005-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இந்தச் சிறிய லாரியைத்தான் நம் ஊரில் குட்டி யானை என்கிறோம். கையில் இருந்த சேமிப்பு 40,000 ரூபாய். மீதி 1,50,000 கடன். வண்டி ஒரு மாதம் ஷெட்டில் படுத்தால் தவணை கட்ட வழியில்லை.

புரோக்கர் சொன்ன முதல் வண்டி 2013 மாடல். "பேப்பர் எல்லாம் பக்கா" என்றார். நான் வண்டி எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக் கொண்டேன்.

மத்திய அரசின் பரிவாகன் இணைய தளத்தைத் திறந்து, வாகன விவரம் அறியும் பகுதிக்குச் செல்லுங்கள். உங்கள் செல் போன் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தால், ஓ.டி.பி. வரும். பிறகு வண்டி எண்ணை டைப் செய்தால் போதும். பதிவான தேதி, எந்த ஆர்.டி.ஓ. அலுவலகம், எப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் உள்ளதா என்பதெல்லாம் திரைக்கு வரும். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது. சில எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். அது தளத்தின் கோளாறு அல்ல, பாதுகாப்புக்காக மறைத்திருக்கிறார்கள். இதே வேலையை எம்-பரிவாகன் ஆப் மூலம் செல் போனிலும் செய்யலாம். பெரிய திரையில் நிதானமாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

"பக்கா" வண்டிக்கு எப்.சி. முடிந்து 14 மாதம் ஆகியிருந்தது. கடனும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. புரோக்கரிடம் கேட்டால், "கடன் எப்பவோ முடிஞ்சுது சார், எச்.பி. கேன்சல் பண்றது மட்டும்தான் பாக்கி" என்றார். அப்படியானால் கடன் கொடுத்த நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் இருக்க வேண்டுமே? கேட்டேன். அதன் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

இன்ஜின் போனால் பணம் செலவழித்துச் சரி செய்யலாம். எச்.பி. நீங்காத வண்டியைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. பழைய கடன்காரர் வந்து வண்டியை எடுத்துக் கொண்டு போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்? அதனால்தான் பானட்டைத் திறப்பதற்கு முன் பேப்பரைப் பார்க்கச் சொல்கிறேன்.

எப்.சி. விஷயத்தில் இன்னொன்று. சரக்கு வண்டிக்கு முதல் 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை எப்.சி. காட்ட வேண்டும், அதற்குப் பின் வருடா வருடம். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் மத்திய விதிகளில் பல மடங்கு உயர்த்தினார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மிகப் பழைய மாடலைப் பிடிப்பவர்கள் இதையும் விலையோடு கூட்டிக் கொள்ள வேண்டும். பெர்மிட் தொல்லை மட்டும் கிடையாது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை.

அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். அங்கே வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் கேட்கும். விற்பவரிடம் வாங்கிக் கொள்ளுங்கள்.

போட்டோ பேசும்

இரண்டாவது வண்டிக்குப் பேப்பர் சுத்தம். விற்பவரிடம், வண்டிக்கு அடியில் செல் போனை நீட்டிப் பத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் அந்தப் பைல் மீது ரைட் க்ளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் என்று போனால் எடுத்த தேதி தெரியும். மூன்று வருடத்துக்கு முந்தைய பளபளப்பை இன்றைய வண்டி என்று காட்டுவோரும் உண்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பின் கமான் பட்டை உட்காரும் இடத்துக்கு மேல் சேசிஸில் வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தது. அதன் மேல் புதிதாகக் கறுப்புப் பெயின்ட். மீன் லோடு ஓடிய வண்டியாம். உப்புத் தண்ணீர் சேசிஸை அரித்துவிடும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றி ஓட்டினாலும் அந்த இடம்தான் முதலில் விடும். அந்த வண்டியும் வேண்டாம் என்று விட்டோம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள்.

சரி, கம்ப்யூட்டரால் முடியாதது எது? இன்ஜின். புதுக் கார்களில் சொருகிக் கோளாறு படிக்கும் ஓ.பி.டி. கருவி பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பழைய ஏஸுக்கு அதை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். 702 சி.சி., இரண்டு சிலிண்டர், மெக்கானிக்கல் டீசல் பம்ப் கொண்ட இன்ஜின் அது. காதும் மூக்கும்தான் கருவி. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கே போய் நில்லுங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்தால் புகை குபுகுபுவென வரக் கூடாது. வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஐடிலில் வண்டி அதிர்வதைக் கண்டு பயப்படாதீர்கள். இரண்டு சிலிண்டர் டீசலுக்கு அது பிறவிக் குணம். காலி வண்டியை ஓட்டிப் பார்த்து மயங்கவும் வேண்டாம்; பத்து மூட்டையாவது ஏற்றி மேம்பாலத்தில் ஏறச் சொல்லுங்கள். கிளட்ச் வழுக்கினால் அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது வண்டி இதையெல்லாம் தாண்டியது. அப்போதுதான் கடன் பேச்சு. "வட்டி வெறும் 10 சதவீதம்" என்றார் பைனான்ஸ்காரர். 1,50,000 ரூபாய்க்கு 3 வருடம், மாதம் 5,417 ரூபாய். எக்ஸெல் திறந்து ஒரு செல்லில் சமக்குறி போட்டு, ரேட் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் 36, -5417, 150000 என்று கொடுங்கள். வெளியே *12 சேர்த்து என்டர் தட்டுங்கள். விடை 18 சதவீதத்தை ஒட்டி வரும்! அவர் சொன்னது பிளாட் வட்டி. நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக் கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 1,50,000-க்கும் வட்டி போடும் கணக்கு அது. குறையும் அசலுக்கு 14 சதவீதம் என்று வேறு ஓரிடத்தில் கேட்டபோது, "பத்தை விட்டுட்டு பதினாலா? என்ன மச்சான் சொல்றீங்க?" என்றார் மாப்பிள்ளை. பி.எம்.டி. பங்க்ஷனில் 14%/12, 36, -150000 என்று போட்டுக் காட்டினேன். மாதம் 5,127. மாதத்துக்கு 290 குறைவு. 36 மாதத்தில் 10,440 ரூபாய் மிச்சம். பதினாலுக்கே கையெழுத்துப் போட்டார்.

பணம் கொடுக்கும் நாளில் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து, தேதியும் மணியும் எழுதிய டெலிவரி நோட் இரண்டையும் வாங்கிக் கொள்ளுங்கள். 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, வண்டி எண்ணையே பெயராக வைத்த ஒரு போல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். காலண்டரில் எப்.சி. முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு ரிமைண்டரும் வைத்து விடுங்கள்.