நாடகமும் அவையோரும்

நூலைப் படிப்பவன் தனியே இருந்து படிக்கின்றான். அவன் மகிழ்ந்தாலும் சலித்தாலும் நூலாசிரியன் அதனை உடனே அறிவதில்லை. நாடகத்தின் இயல்பு வேறு. நடிகன் மேடையில் நிற்க, மக்கள் அவன் கண்ணெதிரே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய சிரிப்பும் கைதட்டலும், ஏன், கொட்டாவியுங்கூட, அப்பொழுதே அவனைச் சென்று சேர்கின்றன. ஆதலால், நாடகத்தை ஆக்குவோருள் அவையோர்க்கும் பங்கு உண்டு எனலாம். தமிழ்நாட்டின் பழங்கதை ஒன்று இசை நாடகமாகி, மக்கள் கருத்தால் வளர்ந்த வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

அக்கதை வள்ளியின் கதையாகும். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்தான். அவள் வளர்ந்து தினைப்புனம் காத்தாள். முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் முதியவனாகவும் வந்து அவளை மணந்தான். கச்சியப்ப சிவாசாரியர் இயற்றிய கந்தபுராணம் இதனை விரித்துரைக்கின்றது. இது மலைநிலத்துக் கதை. பழனிமலைத் தொடரில், கொடைக்கானலின் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர் முதலிய சிற்றூர்கள் உள்ளன. அங்குள்ள உழவர் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் பயிரை அழிக்காதவாறு இரவில் விழித்திருந்து காப்பதுண்டு. போளூரில் பிறந்த சிறுவன் ஒருவனுக்குப் பரண்மீது நின்று கவண் எறியும் வள்ளியைப் பற்றி எவரும் விளக்க வேண்டுவதில்லை. காவலின் அருமையை அவன் வீட்டிலேயே அறிந்திருப்பான்.

இக்கதையை மேடைக்கு ஏற்ற இசை நாடகமாக யாத்துத் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார். அவர் 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். 1922-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் மறைந்தார். தமிழ் நாடக உலகம் அவரைத் தலைமை ஆசிரியர் எனப் போற்றுகின்றது. அவர் இயற்றிய ‘வள்ளி திருமணம்’ மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடைபெறுகின்றது. இவ்வகை நாடகத்தை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பர். இதில் நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். இராசபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பெற்று, அன்றிரவே ஒன்றுகூடுவர். முன் ஒத்திகை இல்லை. பாட்டும் கதைப்போக்கும் யாவர்க்கும் மனப்பாடம். உரையாடலை மேடையிலேயே வளர்த்துச் செல்வர். ஆர்மோனியமும் மிருதங்கமும் மேடையின் ஓரத்தில் துணை நிற்கும். இரவு தொடங்கிய நாடகம் விடியும்போது முடியும்.

முடிந்ததும் மக்கள் தம் கருத்தைக் கூறத் தொடங்குவர். கருத்துகள் பலவகைப்படும். இசையில் பற்றுடையவர், வள்ளி ஆலோலம் பாடிப் புள்ளோச்சும் காட்சி ஒன்றே போதும் என்பர். 1926-ஆம் ஆண்டில் கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இந்நாடகத்தில் இணைந்து நடித்தபோது, மக்கள் திரண்டு சென்றது அவர்களுடைய பாட்டைக் கேட்பதற்கே அன்றோ? சொல்வன்மையை விரும்புவோர் நாரதருக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கத்தில் வென்றவர் யார் என ஆராய்வர். இளைஞர் சிலருக்குப் பபூனின் நகைச்சுவையே நாடகம். “அடுத்தது என்ன?” என்று காத்திருக்கும் குழந்தைகளுக்கோ விநாயகர் யானையாக வரும் இடமே பெரிது. நாடகம் ஒன்றுதான், ஆயினும் கண்டவர் பலர் என்பதால் தீர்ப்பும் பலவாயிற்று.

அவையோர் விருப்பத்தால் கலைக்கு நன்மையும் உண்டு, தீங்கும் உண்டு. கேட்ட பாட்டையே மீண்டும் மீண்டும் பாடும்படி மக்கள் வற்புறுத்தினால், பாட்டு நீளும், கதை தேயும். பாட்டு மிகுந்த பழைய முறையில் மனநிறைவு பெறாத பம்மல் சம்பந்த முதலியார், 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவி, உரைநடையில் நாடகங்கள் எழுதலானார். கண்ட நாடகம் பிடிக்கவில்லை என்று வாளா இராமல், வேறொரு வழி வகுத்துக் காட்டிய கருத்து அவருடையது.

அவையோரின் தீர்ப்பு நாட்டு வரலாற்றிலும் இடம் பெற்றதுண்டு. சிவகாசியில் 1886-ஆம் ஆண்டில் பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேடத்தில் புகழ்பெற்ற நடிகர். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில், அயலார் ஆட்சியையே பயிர் அழிக்கும் பறவையாகக் குறித்து அவர் பாடினார். பழங்கதையைக் கெடுத்தார் என்று மக்கள் கூறவில்லை; கதையின் உட்பொருள் விளங்கியது என மகிழ்ந்து ஆரவாரித்தனர். அரசினரோ நாடகங்களை அடக்குவதற்கு 1876-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தனர். அவர் பன்முறை சிறை சென்றார். சாதியைக் காரணம் காட்டி அவருடன் நடிக்க மறுத்தோரும் இருந்தனர். பார்க்க வந்த மக்களோ பாட்டையும் துணிவையும் மதித்தனர். 1940-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள், சென்னையில், முருகன் வேடத்துடன் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

பழங்கதையைப் புதுக்கலாமா என்னும் வினா பிற நாடுகளிலும் எழுவதே. சின்டிரெல்லா என்னும் ஐரோப்பியக் கதையை ரிச்சர்டு ரோட்ஜர்சும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் 1957-ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்குரிய இசை நாடகமாக்கினர். 2013-ஆம் ஆண்டில் அது நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்தபோது உரையாடல் புதிதாக எழுதப்பட்டது. ஏழைகள் படும் அநீதியை இளவரசனுக்கு உணர்த்தும் பெண்ணாக அக்கதைத் தலைவி மாறினாள். அறிந்த கதையை அறிந்தவாறே காண விரும்பியவர் குறை கூறினர். புதுமையை விரும்பியவர் பாராட்டினர். கடல் கடந்தாலும் அவையோர் இயல்பு ஒன்றே என்பது இதனால் புலனாகும்.

அவ்வாறாயின், நாடகத்தை மதிப்பிடும் முறை யாது? “நன்று”, “தீது” என்னும் ஒரு சொல் கருத்தாகாது. எந்தக் காட்சி, எதனால் நன்று எனக் காரணம் காட்டுதல் வேண்டும். பாட்டு இனிமையாக இருந்ததா என்பதோடு, அது கதைக்குத் துணை செய்ததா என்றும் நோக்குதல் வேண்டும். மாற்றம் செய்யப்பட்டிருப்பின், அம்மாற்றம் கதையின் உயிரைக் காத்ததா, போக்கியதா என ஆராய்தல் வேண்டும். நடித்தவர் யார், எக்குலத்தவர் என்று பார்த்து அளப்பது மதிப்பீடு ஆகாது. அயலில் அமர்ந்தவன் வேறு கருத்துக் கூறினால் அவன் காரணத்தையும் கேட்டல் வேண்டும். நாம் காணாத ஒன்றை அவன் கண்டிருக்கலாம்.

மாணவர்களே! உங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஆடிப் பாடிய கலைஞர், விளக்கு அணைந்தபின் அடுத்த ஊருக்குப் புறப்படுகின்றார். அவர் தம்முடன் எடுத்துச் செல்வது கூலி மட்டுமன்று. நீங்கள் கொடுத்த கைதட்டலையும் எடுத்துச் செல்கின்றார். எதற்கு நீங்கள் கைதட்டினீர்களோ, அதனையே அவர் அடுத்த மேடையில் வளர்ப்பார். பயிரைக் காக்கும் பொறுப்பு வள்ளிக்கு இருந்ததுபோல, கலையைக் காக்கும் பொறுப்பு அவையில் அமர்ந்த நமக்கு உண்டு.