'சும்மா விளையாடிட்டே இருக்கான்'னு கவலையா? புளியங்கொட்டையும் நுங்கு வண்டியும் குழந்தைக்கு என்ன கத்துக்கொடுக்குது தெரியுமா?

"அங்கன்வாடியில என்ன சொல்லித் தராங்க? சும்மா விளையாடத்தானே விடுறாங்க!" 3 வயது குழந்தை இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. திண்டிவனமும் இதற்கு விதிவிலக்கு இல்லை. உடனே எல்.கே.ஜி., ஸ்லேட்டு, வீட்டுப்பாடம் என்று ஓட்டம் ஆரம்பித்துவிடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தை செல்போன் எடுத்துக்கொள்கிறது. இதில் காணாமல் போவது குழந்தையின் விளையாட்டு. அதோடு சேர்ந்து காணாமல் போவது என்ன?

குச்சி எப்படி குதிரை ஆகுது?

ஒரு குச்சியை காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு "டக்கு டக்கு"ன்னு குழந்தை ஓடுகிறது. கையில் இருப்பது குச்சி, மனதில் இருப்பது குதிரை. ஒரு பொருளை இன்னொன்றாக நினைத்துப் பார்க்கும் இந்தத் திறன்தான் கற்பனையின் தொடக்கம் என்று விளக்கியவர் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி.

இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. 'அ' என்ற கோடு உண்மையில் ஒரு கிறுக்கல்தான். அதை ஒரு ஒலியாகப் புரிந்துகொள்வதுதான் வாசிப்பு. '5' என்ற குறியை ஐந்து மாங்காயாக நினைத்துப் பார்ப்பதுதான் கணக்கு. குச்சியை குதிரையாக்கிப் பழகிய மனசுக்கு, கோட்டை எழுத்தாக்குவது அந்நியமான வேலை இல்லை.

புளியங்காட்டு ஊரில் பொம்மைக்கா பஞ்சம்?

'திந்திரிணி' என்றால் சமஸ்கிருதத்தில் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். ஊர் சிவன் கோயில் சுவாமியின் பெயரும் திந்திரிணீஸ்வரர்தான். அந்தப் புளியங்கொட்டையையே எடுத்துக்கொள்வோம். குவித்து வைத்து ஊதி, சிதறியதை மற்றது அசையாமல் எடுப்பது, கைக்குள் மறைத்து 'ஒத்தையா ரெட்டையா' கேட்பது, பல்லாங்குழியின் 14 குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு வருவது என எத்தனையோ விளையாட்டு இதில் இருக்கிறது. எண்ணிக்கை, பொறுமை, விரல் கட்டுப்பாடு, அடுத்த ஆட்டத்தை முன்கூட்டியே யோசிப்பது எல்லாம் பாடம் என்ற பெயர் இல்லாமலே உள்ளே போய்விடும்.

அடுத்தது நுங்கு வண்டி. விழுப்புரம் மாவட்டத்தில் பனைமரத்துக்குக் குறைவில்லை. சுளை எடுத்த இரண்டு நுங்கு கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ரெடி. ஒரு கூடு பெரிசு, இன்னொன்று சிறுசு என்றால் வண்டி நேராகப் போகாது, சின்ன கூடு இருக்கும் பக்கமே இழுக்கும். ஏன் இப்படிப் போகுது என்று குழந்தை பார்க்கும், கூட்டை மாற்றும், மறுபடி ஓட்டும். பிரச்னையைக் கவனித்து, காரணம் யோசித்து, செய்து பார்ப்பது என்ற அறிவியலின் அடிப்படை வேலை தெருவிலேயே நடந்துவிடுகிறது. பட்டனை அமுக்கினால் தானாக ஓடும் கடை பொம்மையில் குழந்தைக்கு இந்த வேலையே இல்லை.

பொம்மை அதிகமானால் நல்லதா?

அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2018-ல் முடிவை வெளியிட்டனர். ஒருமுறை 4 பொம்மைகள், இன்னொருமுறை 16 பொம்மைகள் கொடுத்தார்கள். பொம்மை குறைவாக இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் குழந்தைகள் விளையாடினார்கள். பொம்மை வாங்க காசு இல்லையே என்று வருந்தும் பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி.

அங்கன்வாடியில் 'சும்மா'தான் விடுகிறார்களா?

இல்லை. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவு, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியும் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இவற்றுக்கான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பாட்டு, கதை, வரைதல், பொருட்களைப் பிரித்து அடுக்குதல் என விளையாட்டு வழியாகவே கற்பிப்பது இதன் நோக்கம்.

விளையாட்டு குழந்தையின் உரிமையும்கூட. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு இதைச் சொல்கிறது. இந்தியா 1992-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. 2024 முதல் ஜூன் 11 சர்வதேச விளையாட்டு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

செல்போன் எவ்வளவு நேரம்?

உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல்படி, 2 வயது ஆகும் வரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் தினமும் குறைந்தது 3 மணி நேரம் ஓடியாட வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* அட்டைப்பெட்டி, பழைய துணி, தேங்காய் ஓடு, காலி டப்பா போன்றவற்றை ஒரு கூடையில் போட்டு வையுங்கள். என்ன செய்வது என்பதை குழந்தையே முடிவு செய்யட்டும்.

* "இது என்ன, வீடா?" என்று நீங்களே பதிலைச் சொல்லாதீர்கள். "இது என்னன்னு சொல்லேன்" என்று கேளுங்கள்.

* யானைக்கு பச்சை கலர் அடித்தால் திருத்த வேண்டாம். அந்த யானைக்கு ஒரு கதை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

* கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.

* "போர் அடிக்குது" என்றதும் செல்போனை நீட்டாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டால், புது விளையாட்டு அங்கிருந்தே கிளம்பும்.

எதில் கவனம் தேவை?

புளியங்கொட்டை, வேர்க்கடலை, கோலி போன்ற சின்னப் பொருட்களை 3 வயதுக்குள் இருக்கும் குழந்தையின் கையில் தரவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பெரிய குழந்தைகளும் மூக்கு, காதில் போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நுங்கு கூட்டை வெட்டி, துளை போடும் வேலையைப் பெரியவர்களே செய்து தரலாம்.

3 வயது நெருங்கியும் பொம்மைக்கு சோறு ஊட்டுவது மாதிரியான பாவனை விளையாட்டே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அங்கன்வாடிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். குழு எப்போது வரும் என்பதை அங்கன்வாடி பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.